அரை வகைக்கெழுவை எக்செல்லில் போட்டுப் பார்க்க ஒரு வழி

பின்ன வரிசை நுண்கணிதம், அதாவது ஒருமுறை இரண்டுமுறை என்றில்லாமல் அரைமுறையும் வகையிடும் கணிதம், படிக்கிறேன் என்று யாராவது வந்து நின்றால், அவர் கையில் இருக்கும் ஆய்வுக் கட்டுரையை முதலில் வாங்கி இழுப்பறைக்குள் வைத்துவிடுவேன். கட்டுரையில் குறை ஒன்றும் இருக்காது. முதல் பக்கத்தில் ரீமான்–லியூவில் தொகை, இரண்டாம் பக்கத்தில் நிலைப்புள்ளித் தேற்றம், கடைசியில் தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்ற நிறுவல். அத்தனையையும் பார்க்காமல் எழுதிக் காட்டுவார்கள். "சரிம்மா, எக்ஸ்²-இன் அரை வகைக்கெழு, எக்ஸ் 3 ஆகும்போது எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் பேனா நின்றுவிடும்.

விடை ஏறக்குறைய 7.82. அந்த எண்ணை முதலில் கையால் எடுத்து, அடுத்து எக்செல்லில் எடுத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகும், எங்கே காலை வாரும் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. பிளஸ் டூ அளவுக்கு வகையிடலும் தொகையிடலும் தெரிந்தால் போதும். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் வைத்துக்கொள்ளலாம். வாய்பாடுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கையால்

எக்ஸ்-இன் அடுக்கு எம் என்பதை ஒருமுறை வகையிட்டால் எம் கீழே இறங்கும், அடுக்கில் ஒன்று குறையும். வகையிடும் எண்ணிக்கை 'என்' எனில் முன்னால் நிற்கும் கெழு எம்! ÷ (எம் − என்)!. இதில் என் முழு எண்ணாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது காரணியப் பெருக்கம் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு ஆய்லரின் காமா சார்பை வையுங்கள். காமா(எம் + 1) என்பது எம்!-க்குச் சமம், பின்னங்களுக்கும் மதிப்புத் தரும். 'என்' இருந்த இடத்தில் இனி பின்னமும் வரலாம், அதை ஆல்ஃபா என்போம். கெழு இப்போது காமா(எம் + 1) ÷ காமா(எம் + 1 − ஆல்ஃபா). அடுக்கில் ஆல்ஃபா குறையும். 1819-இல் லாக்ருவா தம் எழுநூறு பக்கப் பாடநூலில் இரண்டு பக்கத்துக்கும் குறைவான இடத்தில் செய்தது இவ்வளவுதான். அரை வரிசை என்றால் என்ன ஆகும் என்ற பேச்சு லைப்னிட்ஸ் 1695 செப்டம்பர் 30 அன்று லோப்பித்தாலுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து இந்த இரண்டு பக்கத்துக்கு வர 124 ஆண்டு.

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு மதிப்பு: காமா(1/2) = √பை = 1.7725. அதை 1/2-ஆல் பெருக்கினால் காமா(3/2) = 0.8862. அதை 3/2-ஆல் பெருக்கினால் காமா(5/2) = 1.3293. எக்ஸ்²-க்குக் கெழு காமா(3) ÷ காமா(5/2), அதாவது 2 ÷ 1.3293 = 1.5045. அடுக்கு 3/2. எக்ஸ் 3 எனில் 3√3 = 5.1962. பெருக்கினால் 7.8176.

சார்பின் மதிப்பு 9, முதல் வகைக்கெழு 6, அரை வகைக்கெழு நடுவில் 7.82. பார்த்ததும் மனசுக்கு நிறைவாக இருக்கும். அந்த நிறைவை நம்ப வேண்டாம். வெறும் எக்ஸ்-ஐ எடுத்து எக்ஸ் = 1-இல் பாருங்கள். சார்பும் 1, முதல் வகைக்கெழுவும் 1, அரை வகைக்கெழு மட்டும் 1 ÷ 0.8862 = 1.1284. இரண்டுக்கும் நடுவில் உட்காரும் என்று எந்த விதியும் இல்லை.

அதே விதியை மாறிலி 1-க்குப் போடுங்கள். எம் = 0, கெழு காமா(1) ÷ காமா(1/2), அடுக்கு −1/2. வருவது 1 ÷ √(பை × எக்ஸ்). இங்கே எப்போதும் ஒரு குரல் எழும்: "மேடம், மாறிலியை வகையிட்டா பூஜ்யம்தானே வரணும்?" வரவேண்டியதில்லை. பிழை என்று நினைத்து அழித்துவிடவும் வேண்டாம்.

தடித்த இரும்புக் கட்டி ஒன்று, முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கிறது. நேரம் பூஜ்யத்தில் அதன் மேற்பரப்பைச் சட்டென்று சூடேற்றி, ஏற்றிய நிலையிலேயே பிடித்து வைக்கிறோம். மேற்பரப்பின் வெப்பநிலை அதன்பிறகு மாறிலி. ஆனால் உள்ளே பாயும் வெப்பம் மாறிலி அல்ல. முதலில் வெள்ளமாகப் பாயும், உள்பகுதி சூடாக ஆகக் குறையும். 4 நொடியில் பாய்வது 1 நொடியில் பாய்ந்ததில் பாதி, 9 நொடியில் மூன்றில் ஒன்று. வெப்பச் சமன்பாட்டைத் தீர்த்தால் வெப்பப் பாய்வு மேற்பரப்பு வெப்பநிலையின் அரை வகைக்கெழுவுக்கு நேர் விகிதம் என்றே வரும், நேரம் வர்க்கமூலத்தின் கீழே வந்து நிற்பது அதனால்தான். மேற்பரப்பில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) ஒட்டி, அது தரும் வெப்பநிலையை அரை வகையிட்டால் உள்ளே போகும் வெப்பம் கிடைத்துவிடும், கட்டியைத் துளைக்க வேண்டாம். மின்வேதியியலில், மின்வாயின் மின்னோட்டம் நேரத்தோடு குறைவதைச் சொல்லும், 1903-இல் வந்த காட்ரெல் சமன்பாட்டிலும் இதே √(பை × நேரம்) தான், அங்கே வெப்பத்துக்குப் பதில் அயனிகள். பின்ன நுண்கணிதத்துக்கென 1974-இல் வந்து பரவலாகப் பயன்பட்ட முதல் தனிநூலை ஸ்பேனியருடன் சேர்ந்து எழுதிய ஓல்டாம் ஒரு மின்வேதியியலாளர் என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

ஆக, மாறிலியின் அரை வகைக்கெழு கேட்பது "இப்போது மாறுகிறதா" என்று அல்ல. எப்போது தொடங்கியது, அதற்குப் பிறகு என்னென்ன நடந்தது என்று கேட்கிறது. இனி வரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான்.

இப்போது எக்செல்

புதுத் தாள் ஒன்றைத் திறந்து, ஜி1 கட்டத்தில் ஆல்ஃபா 0.5, ஜி2-இல் படி நீளம் 0.1, ஜி3-இல் எக்ஸ்-இன் மதிப்பு 1 என்று போடுங்கள். ஏ5 முதல் ஏ15 வரை 0, 1, 2 என்று 10 வரை எண்கள். பி5-இல் 1. பி6-இல் இந்த வாய்பாடு:

=பி5*(ஏ6-1-$ஜி$1)/ஏ6

இதைப் பி15 வரை கீழே இழுத்துவிடுங்கள். இந்த நிரல்தான் எடைகள். 1, −0.5, −0.125, −0.0625, −0.0391, −0.0273, −0.0205 என்று இறங்கும். சி5-இல் சார்பின் பழைய மதிப்புகள். நம் சார்பு வெறும் எக்ஸ் என்பதால் =$ஜி$3-ஏ5*$ஜி$2 போதும், இதையும் இழுத்துவிடுங்கள். 1, 0.9, 0.8 என்று பூஜ்யம் வரை வரும். காலியான ஒரு கட்டத்தில் விடை:

=சம்புராடக்ட்(பி5:பி15,சி5:சி15)/ஜி2^ஜி1

1.1144 வரும். கையால் எடுத்தது 1.1284. படியை 0.01 ஆக்கி நிரல்களை 100 வரை நீட்டினால் 1.1270. இந்தச் சார்புக்குப் படிகளின் எண்ணிக்கை 'என்' எனில் பிழை ஏறக்குறைய விடையில் (8 × 'என்')-இல் ஒரு பங்கு. 10 படிக்கு 80-இல் ஒரு பங்கு, 100 படிக்கு 800-இல் ஒரு பங்கு. உங்கள் தாளில் பிழை இந்தக் கணக்கில் குறையவில்லை என்றால் எங்கோ டாலர் குறி விட்டுப்போயிருக்கும்.

இது க்ரூன்வால்ட் 1867-லும் லெட்னிகோவ் 1868-லும் கொடுத்த வரையறை. இதன் முழு ருசி ஜி1-இல் இருக்கிறது. ஆல்ஃபாவை 1 ஆக்கிப் பி நிரலைப் பாருங்கள்: 1, −1, அதற்குக் கீழே எல்லாம் பூஜ்யம். இப்போதைய மதிப்பு கழித்தல் முந்தைய மதிப்பு, பள்ளியில் படித்த வகைக்கெழு அதேதான். 2 ஆக்கினால் 1, −2, 1, பிறகு பூஜ்யம். 0 ஆக்கினால் முதல் கட்டத்தில் மட்டும் 1, சார்பு அப்படியே திரும்பி வரும். −1 என்று போடுங்கள்: நிரல் முழுக்க 1, 1, 1. எல்லா மதிப்பையும் கூட்டிப் படி நீளத்தால் பெருக்குகிறோம், அதாவது தொகையிடல். வகையிடலும் தொகையிடலும் ஒரே நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் வருகின்றன. எந்தத் தேற்றத்தைக் காட்டும் முன்னும் இதைத்தான் காட்டுவேன். பாடநூல்கள் இதை ஐந்தாம் அத்தியாயத்துக்குத் தள்ளுவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கவனித்தீர்களா, பூஜ்யமோ மிகை முழு எண்ணோ இருந்தால்தான் எடைகள் ஓரிடத்தில் தீர்ந்துபோகின்றன. 0.5 என்றாலும் 0.999 என்றாலும் நிரல் அடிவரை உயிரோடு இருக்கும். சாதாரண வகைக்கெழுவுக்குப் பக்கத்து வீட்டைத் தெரிந்தால் போதும், பின்ன வகைக்கெழுவுக்குத் தெருவின் தொடக்கம் வரை தெரிந்தாக வேண்டும்.

மாறிலியையும் இங்கேயே சோதித்துவிடலாம். ஆல்ஃபா 0.5, படி 0.1, பத்துப் படி, சி நிரல் முழுக்க 1. எடைகளின் கூட்டுத்தொகை 0.1762. √0.1-ஆல் வகுத்தால் 0.5572. 1 ÷ √பை என்பது 0.5642. பூஜ்யம் வராததைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆசை தீர இன்னொரு சோதனை. அரை வகையிடலை இரண்டு முறை செய்தால் ஒரு முழு வகையிடல் வர வேண்டுமே, எடைகளை வைத்துப் பாருங்கள். எடை வரிசையை அதே வரிசையால் பெருக்கினால் முதல் உறுப்பு 1. இரண்டாவது −0.5 − 0.5 = −1. மூன்றாவது −0.125 + 0.25 − 0.125 = 0. நான்காவது −0.0625 + 0.0625 + 0.0625 − 0.0625 = 0. ஆல்ஃபா 1-இன் நிரல் அப்படியே வந்து விழுகிறது.

எங்கிருந்து தொடங்குகிறீர்கள்

நம் தாளில் சி நிரல் எக்ஸ் = 0-இல் நின்றுவிட்டது. அது நாம் எடுத்த முடிவு, கணிதம் கட்டாயப்படுத்தியது அல்ல. தொடங்கும் இந்தப் புள்ளியை, அதாவது கீழ் எல்லையை, மாற்றினால் விடையும் மாறும். இதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி: ஈ^எக்ஸ்-இன் அரை வகைக்கெழு, எக்ஸ் = 1-இல் எவ்வளவு?

லியூவில் 1832-இல் சொன்னபடி, ஈ^(அ எக்ஸ்)-ஐ ஆல்ஃபா வரிசையில் வகையிட்டால் முன்னால் அ-வின் அடுக்கு ஆல்ஃபா வரும். இங்கே அ = 1, ஆகவே சார்பு மாறாது, விடை 2.718. இதில் கீழ் எல்லை கழித்தல் முடிவிலி.

பூஜ்யத்திலிருந்து தொடங்கும் ரீமான்–லியூவில் வழியில் போனால் 1 ÷ √(பை எக்ஸ்) என்ற துண்டும், ஈ^எக்ஸ்-ஐ √எக்ஸ்-இன் பிழைச் சார்பால் (எக்செல்லில் ஈஆர்எஃப்) பெருக்கிய துண்டும் சேர்ந்து வரும். 0.564 + 2.291, அதாவது 2.855.

அடுத்த பகுதியில் வரும் கபூட்டோவின் வழியில் போனால் முதல் துண்டு கிடையாது. 2.291 மட்டும்.

மூன்றும் சரி. லாக்ருவாவின் விதியா, லியூவிலின் விதியா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த சண்டை பெரும்பாலும் இதுதான், கீழ் எல்லையைச் சொல்லாமலே ஆளுக்கொரு விடையைக் காட்டியது. வகைக்கெழுக் குறிக்குக் கீழே அந்தச் சின்ன 0-வை எழுதச் சோம்பல்படாதீர்கள். சைன் எக்ஸ்-இன் அரை வகைக்கெழு சைன்(எக்ஸ் + பை/4) என்று வழுவழுப்பாக எழுதியிருப்பதும் கழித்தல் முடிவிலியிலிருந்து தொடங்கினால்தான் பொருந்தும். பூஜ்யத்தில் ஸ்விட்சைப் போட்ட மின்சுற்றுக்கு அதை எடுத்து வைத்தால் தொடக்க நொடிகள் தப்பாகும்.

ரீமான்–லியூவிலா, கபூட்டோவா

இரண்டுக்கும் அடிப்படை ஒரே தொகை. டி என்ற புள்ளியில் இருந்த பழைய மதிப்பு ஒவ்வொன்றையும் (எக்ஸ் − டி)-யின் அடுக்கு −ஆல்ஃபா என்ற எடையால் பெருக்கி, 0 முதல் எக்ஸ் வரை தொகையிட்டு, காமா(1 − ஆல்ஃபா)-ஆல் வகுக்க வேண்டும். ஆல்ஃபா 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும்போது, தொகையிட்ட பிறகு ஒருமுறை வகையிட்டால் ரீமான்–லியூவில். முதலில் சார்பை வகையிட்டுவிட்டுத் தொகையிட்டால் கபூட்டோ. இந்த வரிசை மாற்றத்தால் வரும் வேறுபாடு ஒரே ஒரு துண்டு: சார்பின் தொடக்க மதிப்பு × எக்ஸ்-இன் அடுக்கு −ஆல்ஃபா ÷ காமா(1 − ஆல்ஃபா). அதனால் எக்செல்லில் கபூட்டோ வேண்டுமென்றால் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். சி நிரலின் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சார்பின் தொடக்க மதிப்பைக் கழித்துவிடுங்கள், மற்றதெல்லாம் பழையபடியே. மாறிலிக்கு இப்போது பூஜ்யம் வரும், கேள்வி கேட்ட பிள்ளைக்கும் நிம்மதி.

கபூட்டோ புவி இயற்பியலாளர். 1967-இல் அவர் இதை எடுத்தது நிலநடுக்க அலைகள் பாறைக்குள் எப்படித் தேய்கின்றன என்று பார்க்க. ஆய்வகத்தில் கணிதம் செய்பவர்களுக்கு இது பிடித்துப்போகக் காரணம் தொடக்க நிபந்தனை. கபூட்டோவில் "தொடக்கத்தில் மதிப்பு 5" என்று வழக்கம்போல் கொடுக்கலாம். ரீமான்–லியூவிலில் ஒரு பின்னத் தொகையின் தொடக்க மதிப்பைக் கொடுக்க வேண்டும், அதை எந்தக் கருவியில் அளப்பது? ஆகவே தொடக்க மதிப்பு தெரிந்த வகைக்கெழுச் சமன்பாட்டுக்குக் கபூட்டோ. வெப்பக் கட்டி போல, தொடக்கத்தில் சட்டென்று நிகழும் தாவலே முக்கியமாக இருக்கும் இடத்தில் ரீமான்–லியூவில். இரண்டையும் ஒரே பக்கத்தில் பெயர் சொல்லாமல் கலக்கிற கட்டுரைகள் நிறைய வருகின்றன, எச்சரிக்கை.

சமீப ஆண்டுகளில் புதுப் பெயரில் வந்த வகைக்கெழுக்களில் சிலவற்றை விரித்துப் பார்த்தால், எக்ஸ்-இன் அடுக்கு (1 − ஆல்ஃபா) பெருக்கல் சாதாரண வகைக்கெழு, அவ்வளவுதான். பழைய மதிப்புக்கு அதில் இடமே இல்லை. பெருக்கல் விதி அப்படியே பொருந்தும் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே சந்தேகக் குறி. உண்மையான பின்ன வகைக்கெழுவில் இரண்டு சார்புகளின் பெருக்கலுக்கு முடிவில்லாத் தொடர் ஒன்று வரும், சங்கிலி விதி இன்னும் மோசம். தேர்வில் "பெருக்கல் விதிப்படி" என்று எழுதி இரண்டு வரியில் முடிக்கும் விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாகும் என்று எடைகளை வைத்துக் காட்டினேன். அதற்கும் ஒரு பொறி உண்டு. 1 ÷ √எக்ஸ்-ஐ எடுங்கள். அதன் அரை வகைக்கெழுவில் கெழு காமா(1/2) ÷ காமா(0). காமா பூஜ்யத்தில் முடிவிலிக்கு ஓடுவதால் விடை பூஜ்யம். பூஜ்யத்தை மறுபடி அரை வகையிட்டாலும் பூஜ்யம். ஆனால் 1 ÷ √எக்ஸ்-இன் முதல் வகைக்கெழு பூஜ்யம் இல்லை. சார்பு தொடக்கப் புள்ளியில் வெடிக்கும் இடங்களில் வரிசைகளைக் கூட்டும் முன் நின்று யோசியுங்கள். எக்செல்லில் இதைப் போட்டால் சி நிரலின் கடைசிக் கட்டமே பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சொல்லி மறுத்துவிடும், அந்த மட்டில் அது நேர்மை.

தொடக்கத்தில் வெடிக்காத சார்புக்கு இந்தக் கூட்டல் எவ்வளவு உதவும் என்பதற்கு ஏபெல் 1823-இல் செய்த கணக்கு. வளைந்த கம்பியில் கோத்த மணி ஒன்று, எந்த உயரத்திலிருந்து விட்டாலும் உராய்வின்றி வழுக்கி அடிமுனைக்கு வந்து சேர ஒரே நேரம் எடுக்கும் வளைவு எது? ஆற்றல் அழிவின்மையை எழுதினால் (ஜி இங்கே புவியீர்ப்பு முடுக்கம், எக்செல் நிரல் அல்ல), இறங்கும் நேரம் × √(2ஜி) = √பை × வளைவு நீளத்தின் அரை வகைக்கெழு என்று வருகிறது. நேரம் மாறிலி. இரு பக்கமும் அரைத் தொகை எடுத்தால் வளைவு நீளம் = (2 ÷ பை) × நேரம் × √(2ஜி × உயரம்). நீளம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம், அது சைக்ளாய்டு. ஜி1-இல் −0.5 போட்டு, சி நிரல் முழுக்க 1 வைத்தால் இந்த வர்க்கமூலம் உங்கள் தாளிலும் வளரும்.

நீளமான தரவு வந்தால்

தெர்மோகப்பிள் தந்த தரவு மாதிரி நீண்டதாக இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கு முந்திய எல்லாப் புள்ளியும் வேண்டும். 10,000 புள்ளிக்கு ஏறக்குறைய 5 கோடிப் பெருக்கல். எக்செல் திணறும். "பழைய எடைகள்தான் துளியூண்டு ஆகிவிடுகின்றனவே, கடைசி 100-ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாமா?" என்று தோன்றும். படி 0.01, மாறிலி 1, 100 எடை என்று வைத்துப் பாருங்கள். எக்ஸ் = 1 வரை விடை சரியாக இருக்கும். அதன்பிறகு 0.56-இலேயே உறைந்துவிடும். எக்ஸ் = 9-இல் உண்மையான விடை 0.188. மூன்று மடங்கு பிழை. துளியூண்டு எடைகள் ஆயிரக்கணக்கில் சேர்கின்றன என்பது ஒன்று, வெட்டும்போது கீழ் எல்லையை உங்களுக்குத் தெரியாமலே நகர்த்துகிறீர்கள் என்பது இன்னொன்று.

வெட்டாதீர்கள். 5 கோடிப் பெருக்கல் பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தை வைத்துச் செய்தால் பெரிய வேலையே இல்லை. எடை நிரலை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் தரவைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. லட்சக்கணக்கில் போனால் இதையே எஃப்எஃப்டி (வேக ஃபூரியே உருமாற்றம்) மூலம் செய்யுங்கள், எடைகள் எல்லாம் கணக்கில் இருக்கும், நேரமும் மிச்சமாகும். எதைக் கொண்டு செய்தாலும் முதல் ஓட்டத்துக்குச் சொந்தத் தரவைக் கொடுக்க வேண்டாம். எக்ஸ்-ஐக் கொடுத்து, படி 0.01-க்கு எக்ஸ் = 1-இல் 1.1270 வருகிறதா என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு கொடுங்கள்.